வானத்தில் வரும் சிறுகோளைப் பினாங்கிலிருந்து பார்க்க முடியுமா? கணக்குப் போடும் முறை

2024 செப்டம்பர் 4 அன்று, சுமார் 1 மீட்டர் அகலச் சிறுகோள் ஒன்றை அரிசோனாவின் கேட்டலினா ஸ்கை சர்வே என்ற வான் ஆய்வுத் திட்டம் கண்டுபிடித்தது. பெயர் 2024 ஆர்டபிள்யூ1. ஏறக்குறைய 11 மணி நேரத்தில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு மேலே அது எரிந்து முடிந்தது. அந்த இரவில்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில், புதிதாகத் தென்படும் சிறுகோள்கள் பூமியில் மோதுமா என்று கணிக்கும் நாசாவின் ஸ்கவுட் இணையப் பக்கத்தைத் திறங்கள். மோதும் வாய்ப்புக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இருக்கும். 4 வந்தால் விழித்திருக்கலாம். யூடியூப் சேனல்களை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஸ்கவுட்டே போதும்.

அடுத்தது நேரம். நான் தவறியது இங்கேதான். அறிவிப்புகள் எல்லாம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வரும். மோதும் நேரம் சுமார் 16:40. யுடிசி என்றால் லண்டன் நேரம்தானே என்று கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் லண்டனை வைத்திருந்தேன். செப்டம்பரில் அங்கே கோடைக்கால நேரம், யுடிசியைவிட 1 மணி நேரம் கூடுதல். அதனால் நம் நேரம் இரவு 11:40 என்று கணக்கிட்டு, லூசோனின் நேரலை கேமராவைத் திறந்து உட்கார்ந்தேன். 12:15 வரை கறுப்பு வானம்தான். மூடிவிட்டுப் படுத்தேன். 12:40 வாக்கில் வானம் பச்சையாகப் பளீரிட்டதைக் காலையில் பதிவாகத்தான் பார்த்தேன். இன்றும் மனசு ஆறவில்லை. லண்டன் வேண்டாம், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கை வையுங்கள். அங்கே ஆண்டு முழுவதும் யுடிசிதான். அதோடு 8ஐக் கூட்டுங்கள். 16:00 அல்லது அதற்குப் பிறகு என்றால் நமக்குத் தேதியும் மாறிவிடும்.

அப்புறம் தூரம். எரியும் உயரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 113ஆல் பெருக்குங்கள். 100 கி.மீ. உயரத்தில் எரியத் தொடங்கினால் 1,130 கி.மீ. தள்ளியிருப்பவருக்கும் தொடுவானத்தில் தெரியும். ஆனால் 36 கி.மீ. உயரத்தில் வெடித்தால் 678 கி.மீ. மட்டுமே. லூசோன் நமக்கு 2,500 கி.மீ.க்கு மேல், அதனால்தான் கேமராவை நாடினேன். இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே சுமார் 550 கி.மீ. அங்கே விழுந்தால் பாலிக் புலாவ் கடற்கரையில் நின்று, மேற்கே கடலை ஒட்டிப் பாருங்கள். சில விநாடிகள்தான்.

பின்சேர்க்கை: ஸ்கவுட்டில் பார்த்த பெயர் மறுநாள் இல்லையே என்று பட்டர்வொர்த் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இருப்பவை இன்னும் உறுதியாகாதவை, அக்கா. உறுதியானதும் 2024 ஆர்டபிள்யூ1 போன்ற முறையான குறியீடு கொடுத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஸ்கவுட்டில் இருந்த தற்காலிகப் பெயரைக் குறித்து வைத்திருந்தால், சிறுகோள்களைப் பதிவுசெய்யும் மைனர் பிளானட் சென்டரின் பழைய பட்டியலில் புதுப் பெயரைத் தேடிப் பிடித்துவிடலாம்.