வேலிப் பொட்டு வைத்து மூளையை விளங்கப்படுத்தும் விதம்

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய முதல் நாள் பின்னேரமே எனக்குத் தலை இடிக்கும். வருடா வருடம் இதே கதை. அம்மா "பசியடி" என்பார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன். விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி நாலைந்து வருடம் போன பிறகுதான் பிடிபட்டது. அது சோறில்லாத தலையிடி அல்ல, தேத்தண்ணி இல்லாத தலையிடி.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். போதைப்பொருள் மூளையில் என்ன செய்கிறது என்று பிள்ளையிடம் எப்படிப் பேசுவது எனத் தாய்மார் அடிக்கடி கேட்பார்கள். இந்தத் தலையிடியில் தொடங்குங்கள் என்பேன். மண்டையோட்டுப் படத்தில் தொடங்க வேண்டாம். நான் அப்படித் தொடங்கிக் கெட்டவள். ஒருமுறை வகுப்பில் "கஞ்சா அடித்தால் செத்துப் போவீர்கள்" என்று சொல்லிவிட்டேன். பின்வாங்கில் இருந்த பெடியன் எழும்பி, "எங்கட ஒழுங்கையில ஒராள் இருபது வருசமா அடிக்கிறார் ரீச்சர், நல்லாத்தானே இருக்கிறார்" என்றான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அன்று நான் சொன்ன ஒன்றும் எடுபடவில்லை.

முதலில் முற்றத்து மண்ணில் ஓர் ஈர்க்கால் இரண்டு வீடு கீறுங்கள். நடுவில் ஓர் ஒழுங்கை. வீடுகள் இரண்டும் இரண்டு நரம்புக் கலங்கள், ஒழுங்கை அவற்றுக்கு இடையில் உள்ள வெளி. உண்மையில் அந்த வெளி ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான். மூளையில் இப்படி ஏறக்குறைய 8600 கோடி வீடுகள். செய்தி வீட்டுக்குள்ளே மின்சாரமாக ஓடும். ஒழுங்கையைக் கடக்க மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நரம்புக் கடத்தி என்கிற இரசாயனம். இதை 1921இல் ஒட்டோ லோவி தவளை இதயத்தை வைத்துக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அது ஊறியிருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு எதையோ கசியவிட்டிருக்கிறது.

இனி எதிர்வீட்டில் படலைகள், அதாவது ஆளை ஏற்கும் வாசல்கள், கீறுங்கள். ஒவ்வொரு படலையும் ஒரு வகை ஆளுக்குத்தான் திறக்கும். ஆளை அனுப்பிய வீட்டு வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, வையுங்கள். வேலை முடித்தவர்கள் பலர் அந்தப் பொட்டுக்குள்ளால் தங்கள் வீட்டுக்கே திரும்பிவிடுவார்கள். வேலிப் பொட்டு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.

இப்போது தேத்தண்ணி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற ஆள் ஒழுங்கையில் கூடிக்கொண்டே போவார். அவர் படலை திறந்து உள்ளே போனால் நித்திரை வரும். தேயிலையில் உள்ள கஃபீன் அந்தப் படலையைத் திறக்காது, குறுக்கே குந்திக்கொள்ளும். சோர்வு எங்கும் போகவில்லை, வாசலில் காத்து நிற்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? இன்னும் சில படலைகளைக் கட்டிவிடும். விரதத்தன்று குந்தியிருக்க ஆளில்லை. கூடுதல் படலை எல்லாவற்றாலும் அடினோசின் உள்ளே போகும், மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், தலை இடிக்கும். கடைசிக் கோப்பை குடித்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கும். எனக்குச் சூரன்போர் வருவதற்குள் போய்விடும்.

பழக்கம், போதாமை, விட்டால் வரும் உடல் உபாதை, இந்த மூன்றையும் பிள்ளைக்குப் பயமில்லாமல் விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஹெரோயின் கதையும் இதே அச்சுத்தான், படலைதான் வேறு.

அடுத்தது வெற்றிலைத் தட்டம். பாக்குப் போட்டதும் அப்பாவுக்கு நெற்றி வியர்க்கும், வாய் ஊறும். பாக்கிலுள்ள அரிகோலின், அசற்றைல்கோலின் என்ற ஆளுக்கு உரிய ஒரு வகைப் படலையைத் தானே திறந்துவிடும். அந்தப் படலைகள் மூளையில் மட்டும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இதயத்திலும் கண்மணியிலும் உண்டு. வேலியோரத்தில் நிற்கும் ஊமத்தை அதே படலையைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும். எல்லாம் தலைகீழ். வாய் காயும், உடம்பு அனலாகும், கண்மணி விரியும், தின்றவர் அங்கே இல்லாத ஒருவரோடு பேசுவார். உன்மத்தம் என்ற பெயர் சும்மா வரவில்லை. கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்க விடும் துளிமருந்தும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரே படலை, இரண்டு செடி, இரண்டு விளைவு. பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் வருவது இந்த இடத்தில்தான். கூடவே இரண்டு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஊமத்தங்காய் விளையாட்டல்ல, ஆளைக் கொல்லும். பாக்கும் சாதுவல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பெடியள் கொடுப்புக்குள் அடக்கும் மாவாவில் பாக்கோடு புகையிலையும் இருக்கிறது. புகையிலையின் நிகோடின், அசற்றைல்கோலினின் மற்ற வகைப் படலையைத் திறக்கும். ஒரே வாயில் இரண்டு படலை.

கள்ளுக்கு வருவோம். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் நுரைத்துக் கள். மூளையில் 'காபா' என்று ஓர் ஆள் உண்டு. அவருடைய தொழில் அடக்குவது. மதுசாரம் அவருடைய படலையைக் கூட நேரம் திறந்து வைக்கும். வெட்கத்தையும் யோசனையையும் காக்கும் முன்மூளை முதலில் அடங்குவதால் வாய் திறக்காத மனிசன் பாடுவார். சிறுமூளை அடங்கக் கால் பின்னும். நெடுநாள் மொத்தமாகக் குடித்தவரை ஒரே நாளில் வீட்டில் மறிக்காதீர்கள். அடக்கத்துக்குப் பழகிய மூளை துள்ளியெழும்பி வலிப்பு வரலாம். வைத்தியரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

தூள், அதாவது ஹெரோயின், மூளைக்குள் போய் மோர்பினாக மாறும். மோர்பினுக்கு அங்கே படலை உண்டு என்பது 1973இல் தெரிந்தது. கசகசாச் செடிக்காக எங்கள் மூளை ஏன் படலை கட்டியது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். யோசிக்கட்டும். விடை 1975இல் வந்தது. உடம்பே தன் நோவைத் தணிக்க அந்த வகைச் சரக்கை உண்டாக்குகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் அதே படலைகள் இருப்பதுதான் ஆபத்து. ஊசிமுனைக் கண்மணி, விட்டு விட்டு வரும் மூச்சு, நீலம் பாரித்த உதடு இருந்தால் ஆளைப் பக்கவாட்டில் கிடத்திவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். யார் வாங்கியது என்ற விசாரணை பிறகு. மாற்று மருந்தான நலொக்சோன் செய்வது தேத்தண்ணியின் வேலையைத்தான், திறக்காமல் குறுக்கே குந்துவது.

ஐஸ், அதாவது மெத்தம்பெற்றமீன், படலைக்கே போகாது. அது வேலிப் பொட்டால் நுழைந்து, திரும்பி வந்த, உற்சாகம் தரும் டோபமீன் ஆட்களையெல்லாம் அதே பொட்டால் வெளியே தள்ளும். நாள்கணக்கில் நித்திரை இல்லை, பசி இல்லை, பிறகு எல்லார்மேலும் சந்தேகம். சரக்கு முடிந்ததும் வீடு வெறிச்சென்று கிடக்கும். மாதக்கணக்கில் விட்டிருந்தவர்களிடம் அந்தப் பொட்டுகள் ஓரளவு மீள்வது ஸ்கான் படங்களில் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளிடம் இதையும் சொல்வேன்.

கடைசியாகக் கஞ்சா, அந்தப் பெடியனுக்கு நான் கடன்பட்ட பதில். கஞ்சா திறக்கும் படலைக்கு உரிய எங்கள் சொந்த ஆளை 1992இல் கண்டுபிடித்தவர்கள், ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். இவர் எதிர்வீட்டிலிருந்து பின்னோக்கி வந்து "போதும், இனி அனுப்பாதே" என்று சொல்லும் ஆள். மூச்சை நடத்தும் இடத்தில் அவருக்குப் படலை மிகக் குறைவு. அதனால்தான் உன் ஒழுங்கைக்காரர் சாகவில்லை, தம்பி. ஞாபகத்தைச் சேர்க்கும் இடத்தில் நிறைய உண்டு. அவரிடம் நேற்றுக் காலை என்ன கதைத்தாய் என்று இன்று கேட்டுப் பார். அவர் தொடங்கியது எத்தனை வயதில் என்றும் கேள். முன்மூளை கட்டி முடிய இருபத்தைந்து வயது மட்டில் ஆகும், உனக்கு இப்போது பதினாறு.