சீட் போஸ்ட் கீழிறங்காதிருக்க கிளாம்பைப் பொருத்தும் முறை

காலையில் சரியான உயரத்தில் வைத்த சைக்கிள் சீட், வீடு திரும்பும்போது ஒரு விரற்கடை இறங்கியிருந்தால், உடனே அலன் கீயை (அறுகோணச் சாவி) எடுத்து, இறுக்கும் வளையமான கிளாம்பை இன்னும் இரண்டு சுற்று முறுக்குவதே பெரும்பாலோர் செய்வது. அதனால் பலன் கிடைப்பது அரிது. சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டை கிளாம்ப் நேரடியாகப் பிடிப்பதில்லை. பிரேமின் சீட் குழாயின் மேல்முனையில் உள்ள பிளவை அது நெருக்குகிறது, அப்படிச் சுருங்கும் குழாய்தான் போஸ்டைப் பிடித்துக்கொள்கிறது. குழாயின் உள்ளளவு, போஸ்டின் வெளியளவு, கிளாம்பின் அளவு ஆகிய மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும், எவ்வளவு முறுக்கினாலும் போல்ட்டின் மரைதான் கெடும்.

எனவே முதல் வேலை அளப்பது. போஸ்டை உருவுவதற்கு முன், தற்போதைய உயரத்தில் அதைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். உருவிய போஸ்டின் கீழ்ப்பகுதியில், குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய ஆழத்தைக் காட்டும் கோட்டுக்கு அருகே, பெரும்பாலும் அதன் விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் ஆகியவை இன்று பரவலாக உள்ள அளவுகள். ஆனால் போஸ்டுகள் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியிலும் கிடைப்பதால், 27.2 வேண்டிய பிரேமில் 27.0 போஸ்ட் எளிதாக நுழைந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, ஏறி உட்கார்ந்தால்தான் இறங்கும். பொறித்த எண்ணை நம்புவதைவிட வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்ப்பது மேல். குழாயின் உள்ளளவை, பிளவு இருக்கும் விளிம்பில் மட்டும் அளக்காமல், காலிப்பர் எட்டும் அளவு உள்ளே விட்டு, இரண்டு குறுக்குத் திசைகளில் அளக்க வேண்டும். பழைய கிளாம்ப் பலமுறை நசுக்கிய விளிம்பு உண்மையான அளவைக் காட்டாது.

கிளாம்பின் எண் வேறு கணக்கு. அது போஸ்டின் விட்டத்தை அல்ல, சீட் குழாயின் வெளிவிட்டத்தைக் குறிக்கிறது. 27.2 போஸ்ட் கொண்ட அலுமினிய பிரேம்களில் பெரும்பாலும் 31.8 கிளாம்பும், மெல்லிய எஃகுக் குழாய் பிரேம்களில் 28.6 கிளாம்பும், 30.9 அல்லது 31.6 போஸ்ட் உள்ளவற்றில் பொதுவாக 34.9 கிளாம்பும் வரும். கடையில் போஸ்டின் எண்ணைச் சொல்லி கிளாம்ப் கேட்பது, கைக்குத் தவறான பொருள் வந்து சேரும் நேர்வழி.

அளவுகள் சரியென்றால் அடுத்தது தூய்மை. உருவிய போஸ்டில் நெடுக்காக ஓடும் கீறல்களும், மணல் கலந்து கறுத்த பசையும் தெரிந்தால், வழுக்கலுக்கான காரணம் பாதி தெரிந்துவிட்டது. போஸ்டையும், குழாயின் உட்புறத்தையும், கிளாம்பின் உள்வளையத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு, உலோக பிரேமில் உலோகப் போஸ்ட் என்றால், மிக மெல்லியதாக கிரீஸ் தடவலாம். கிரீஸ் தடவினால் வழுக்கும் என்று அதை அறவே தவிர்ப்பவர்கள் உண்டு. எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் அரித்து இறுகி, ரம்பம் வைத்து அறுக்கும் நிலைக்குப் போவது அதைவிடப் பெரிய தொல்லை என்பது என் கருத்து. இரண்டில் ஒன்று கார்பன் இழையால் ஆனதாக இருந்தால் கிரீஸ் கூடாது. நுண்துகள் கலந்த கார்பன் பேஸ்ட்டையே பயன்படுத்த வேண்டும். அளவு சரியாக இருந்தும் பிடிவாதமாக இறங்கும் உலோகப் போஸ்டுக்கும் அந்த பேஸ்ட் நன்கு உதவும்.

கிளாம்பை மாட்டும்போது, அதன் உள்விளிம்பு குழாயின் மேல்முனையில் இடைவெளியின்றி முழுவதும் உட்கார வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும். தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாதபோது, கிளாம்பின் வெட்டும் பிரேமின் பிளவும் ஒரே நேரில் இருக்கட்டும். கார்பன் பிரேம்கள் சிலவற்றில் வெட்டை எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்வார்கள்; அங்கே அந்தக் குறிப்பையே பின்பற்றுங்கள். போல்ட்டின் மரையிலும் தலையின் அடியிலும் சிறிது கிரீஸ் வைக்க மறக்க வேண்டாம். காய்ந்த மரையில் உங்கள் முறுக்கு விசையின் பெரும்பங்கு உராய்விலேயே போய்விடும். கை இறுகியதாக உணரும், கிளாம்ப் இறுகியிருக்காது.

முறுக்கும் அளவு பெரும்பாலும் கிளாம்பிலேயே அச்சிட்டிருக்கும். 5 நியூட்டன் மீட்டர் பரவலான எண். பிரேமிலோ போஸ்டிலோ அதைவிடக் குறைந்த எண் இருந்தால் குறைந்ததையே உச்சமாகக் கொள்ளுங்கள். இரண்டு போல்ட் உள்ள கிளாம்பில் ஒவ்வொன்றையும் கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முறுக்கி முடித்ததும் போல்ட் உள்ள இரு காதுகளையும் பாருங்கள். அவை ஏறக்குறைய இணையாக, நடுவே வெளிச்சம் தெரியும்படி நிற்க வேண்டும். ஒன்றையொன்று தொட்டுவிட்டால், கிளாம்ப் பெரியது அல்லது போஸ்ட் சிறியது என்று பொருள். அதற்கு மேல் முறுக்குவதில் பயனில்லை.

போல்ட்டுக்குப் பதில் லிவர் உள்ள கிளாம்ப் என்றால், லிவரை திருகுபோலச் சுற்றி இறுக்கக் கூடாது. எதிர்ப்பக்க நட்டைச் சரிசெய்து, லிவர் பாதி மடங்கும் நிலையிலிருந்து எதிர்ப்பு தொடங்கி, முழுவதும் மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு வைக்க வேண்டும்.

போஸ்ட் சற்றுச் சிறிதாக இருந்தால், குளிர்பானக் கேன் தகட்டை வெட்டிச் சுற்றி நுழைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பதால், ஒரு சுற்று 0.2 மில்லிமீட்டர் விட்டத்தை ஈடுகட்டும். சரியான போஸ்ட் வரும்வரை உலோக பிரேமில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கார்பனில் வேண்டவே வேண்டாம். அதைவிடப் பெரிய வேறுபாட்டுக்கு, கடையில் விற்கும் நீளமான ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உறை) வாங்கி, அதன் வெட்டை பிரேமின் பிளவுக்கு நேராக வைத்துப் பொருத்துங்கள்.

முடிவில், பிரேமை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு சீட்டின் மூக்கையும் பின்புறத்தையும் பற்றித் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. குழாயின் விளிம்பை ஒட்டி போஸ்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, வேகத்தடைகள் உள்ள சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு நகராமல் சீட் மட்டும் முன்பக்கம் சாய்ந்திருந்தால், தளர்ந்திருப்பது இந்த கிளாம்ப் அல்ல, சீட்டின் கம்பிகளைப் பிடிக்கும் மேல் போல்ட்.