பக்கத்து வீட்டு நீச்சல்குளப் பம்பு இரைந்தால்

சண்டைக்குப் போகும் முன் காதைத் தீட்டிக் கேளுங்கள். சத்தத்தின் வகையே பாதி விடை சொல்லிவிடும். கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கும். ஜல்லியை உருட்டுவது போலக் கடகடத்தால் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை: பம்பின் வடிகட்டிக் கூடையில் இலை அடைத்திருக்கலாம், உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். இரண்டுமே அவர்களுக்குச் செலவு வைக்கும் கோளாறு. நான் பேச்சை அங்கிருந்துதான் தொடங்கினேன். முகம் சுளிக்காமல் கேட்டார்கள்.

வெறும் ரீங்காரம் என்றால் அடியில் கனமான ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள், அதிர்வு குறையும். ஓடும் நேரத்தைப் பகலுக்கு மாற்ற டைமரைத் திருப்பினால் போதும். பழைய பம்பை மாற்றப் போகிறார்களா? வேகம் மாற்றக்கூடியதை வாங்கச் சொல்லுங்கள். பாதி வேகத்தில் ஓடினால் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும். சத்தமும் வெகுவாக அடங்கும். (கெஞ்சலைவிட மின்கட்டணம் நன்றாகப் பேசும்.)

செடி வேலியை நம்பாதீர்கள். அது கண்ணுக்குத்தான் மறைப்பு. இடைவெளியில்லாத கனமான தடுப்பு, பம்பை ஒட்டியே, அதைவிட உயரமாக வேண்டும். முழுக்க மூடவும் கூடாது, மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

எதற்கும் அசையவில்லையென்றால் தேதி, நேரம் குறித்து வைத்து உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.