பழைய படைக் கட்டடங்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

பழைய கட்டடப் பராமரிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் தலைமுறை செய்து முடித்த தவறுகளையே மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள். அளவெடுக்காமல் இடிப்பது, அனுமதி இல்லாமல் துளை போடுவது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு காலத்தை மட்டும் தேடுவது

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு கட்டத் தொடங்கியது. கீழே வளைகூரை போட்ட அறைகளில் வெடிமருந்து, சரக்கு, சிறை; மேலே ஆளுநர் வீடும் தேவாலயமும். அப்புறம் ஆளுநர் வெளியே தனி மாளிகைக்குப் போனார், 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றார்கள், கோட்டை பயணியர் விடுதியானது, இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். இதில் எது அசல் என்று கேட்டால் என்ன சொல்வது? விடுதிக் காலத்துக் கதவைப் பிடுங்கிப் போடுமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

சிமெண்ட்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். கடலோர ஊர் ஒன்றில் பழைய வெடிமருந்துக் கிடங்கை ஆவண அறையாக மாற்றினார்கள். மருந்து நமுத்தால் வெடிக்காது, பொறி உள்ளே விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் அந்தக் காலத்தில் காற்று மட்டும் வளைந்து நுழையும்படி சுவருக்குள் திருப்பம் வைத்துப் புழை விட்டுக் கட்டினார்கள். நம் ஆட்கள் எலி வருகிறதென்று அதை அடைத்தார்கள், ஏசி மாட்டினார்கள், ஓதம் தெரிகிறதென்று மார்பளவுக்குச் சிமெண்ட் பூசினார்கள்.

சுண்ணாம்புக் காரை என்றால் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியே போய்விடும். சிமெண்ட் வழிவிடாது. ஈரம் பூச்சுக்கு மேலே ஏறும், கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து செங்கல்லைத் தின்னும். அங்கே அடுத்தடுத்த மழைக்காலத்திலேயே சிமெண்டுக்கு மேல் புதிதாக ஓதக் கோடு, கோப்பெல்லாம் பூஞ்சை. தட்டினால் பொள்ளல் சத்தம். ஒரு துண்டு பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தேன், செங்கல் சீயக்காய்த் தூள் மாதிரி உதிர்ந்தது. ஒப்பந்தக்காரரோ, "பழைய சுவர் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்! பெயர்த்தெடுக்கப் போனால் பூச்சோடு செங்கல்லின் முகமும் வந்துவிடும், செலவு பூசியதைவிடப் பல மடங்கு.

ஏற்கெனவே பூசிவிட்டார்கள் என்றால், கையுளியால் மெதுவாக எடுங்கள், மெஷின் வேண்டாம். உடனே சுண்ணாம்பு பூசாமல் ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் மட்டும் தள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

கனத்த சுவர்தானே என்று வாசல் உடைப்பது

வளைகூரை பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத்தான் அந்தக் கனம்.

சுரங்கப்பாதை இருக்கிறது என்று பலகை வைப்பது

பெரும்பாலும் அது வடிகால்.