மெக்சிகோ சாப்பாடு: தொடங்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டார்டியாவை மக்காச்சோள மாவில் சுடப் போய், கல்லில் போட்டதும் ஓரமெல்லாம் வெடித்து, திருப்பும்போது நாலு துண்டாக உடைந்த அனுபவம் எனக்கு மூன்று முறை உண்டு. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், கோதுமை மாவுகூடக் கலந்து பார்த்தேன். தவறு பிசைந்ததில் இல்லை, மாவிலேயே இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மெக்சிகோ சமையலைத் தொடங்கும் பலர் முதல் நாளே இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அப்புறம் இதெல்லாம் நமக்கு வராது என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் மளிகைக் கடையில் கிடைக்கும் மக்காச்சோள மாவு, காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்தது. மெக்சிகோவில் டார்டியாவுக்கு அப்படி அரைப்பதில்லை. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் தேய்த்துக் கழுவித் தோலை நீக்கி, ஈரமாகவே அரைக்கிறார்கள். ஆம், சுண்ணாம்புதான், வெற்றிலையில் தடவுகிறோமே அதே பொருள். இப்படித் தயாரான சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர், அரைத்த மாவுக்கு மாசா. சுண்ணாம்பு தோலை இளக்குகிறது, மாவுக்குப் பிடிப்பு கொடுக்கிறது, கால்சியம் சேர்க்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: சோளத்துக்குள் உடம்புக்குக் கிடைக்காதபடி அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினை அது விடுவிக்கிறது. சோளம் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் சுண்ணாம்புப் பக்குவம் கூடவே போகவில்லை. விளைவு, சோளக் கூழையே நம்பி வாழ்ந்த வட இத்தாலியின் ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதைதான். எழுதி வைக்காத ஒரு சமையல் அறிவை வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? எளிய வழி, மாசா ஹரினா என்று போட்ட பாக்கெட்டை வாங்குவது. ஏற்கெனவே சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்து உலர்த்திய மாவு அது. வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைத்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நன்றாகச் சூடேறிய கல்லில் போட்டால் போதும். முழுச் சோளத்திலிருந்தே தொடங்க ஆசை என்றால், ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு. உணவுக்கென்று விற்கும் சுண்ணாம்பாகப் பாருங்கள், வண்ணமோ வாசனையோ சேர்த்த பெட்டிக்கடைச் சுண்ணாம்பு வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் செய்யவே செய்யாதீர்கள், சுண்ணாம்பு அதை அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. ஸ்வீட் கார்ன் இதற்கு ஆகாது. அப்புறம், சுட்டதைத் தட்டில் பரப்பி ஆறவிடுவது இன்னொரு தவறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி வையுங்கள். அந்த ஆவியில்தான் டார்டியா மெத்தென்று ஆகும்.

அடுத்தது மிளகாய். நமக்கு மிளகாயைக் கொடுத்ததே அந்த மண்தான். போர்ச்சுகீசியர் கப்பல் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது. அதற்கு முன்பு நமக்குக் காரம் என்றால் மிளகுதான். இந்த உறவு இருப்பதாலேயே நம் ஆட்கள் ஒரு தவறு செய்கிறார்கள், மெக்சிகோ சமையல் குறிப்பில் 'ஆறு காய்ந்த மிளகாய்' என்று பார்த்தால் ஆறு குண்டு மிளகாயை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கே மிளகாய் முதலில் சுவைக்கு, பிறகுதான் காரத்துக்கு. பச்சையாக ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர், வேறு குணம். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ, அதில் உலர்திராட்சை வாசம் வரும், காரம் மிகக் குறைவு. ஹலபேன்யோ பழுத்தபின் புகைபோட்டு உலர்த்தினால் சிபோட்லே. கிடைக்காதபோது காஷ்மீரி மிளகாயைப் பயன்படுத்தலாம், அதே சுவை வராது என்றாலும் சாப்பாடு கெடாது. விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டையும் எடுத்துவிட்டு, கல்லில் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைக்க வேண்டும். வாட்டுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. கருகவிட்டால் முழுச் சாறும் கசந்துவிடும். மேசையில் வைக்கும் சட்னி போன்ற சால்சாவை நிறம் பார்த்து எடை போடாதீர்கள், பச்சையைவிடச் சிவப்பு காரம் என்றெல்லாம் விதி கிடையாது. தென்கிழக்குப் பகுதியான யுகதானில் ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும் ஆபனேரோ மிளகாய் எவரையும் கண்கலங்க வைக்கும்.

மோலே பற்றிப் பேச்சு வந்தாலே 'சாக்லேட் போட்ட கோழிக் குழம்பு' என்று சொல்லிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற தவறு. மோலே என்பது ஒரு பண்டத்தின் பெயரே இல்லை, ஆஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழியில் மோல்லி என்றால் சாறு, குழம்பு. நாம் குழம்பு என்ற ஒரே சொல்லில் வத்தக்குழம்பையும் மீன்குழம்பையும் மோர்க்குழம்பையும் அடக்குவது போலத்தான் அதுவும். வஹாகா மாநிலத்தில் மட்டும் ஏழு மோலே என்று கணக்குச் சொல்வார்கள்: கருப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை, கொலொராதீதோ, சிச்சீலோ, மான்சாமன்தேலெஸ். இவற்றில் பச்சை மோலேயிலும் மஞ்சள் மோலேயிலும் சாக்லேட் இருக்காது. புவெப்லா நகரத்து மோலேயில் சாக்லேட் உண்டு, ஆனால் பல வகைக் காய்ந்த மிளகாய், எள், பாதாம், பட்டை, கிராம்பு, பழைய டார்டியா என்று நீளும் பட்டியலில் அது ஒரு சிறு பங்கு, மிளகாயின் கசப்பை மட்டுப்படுத்துவதற்காக மட்டும். வீட்டில் செய்யும்போது சாக்லேட்டை அள்ளிப் போட்டுவிட்டு இனிக்கிறது என்று குறை சொன்னால் அது மோலேயின் குற்றமில்லை. பொறுமைதான் இங்கே முக்கியம், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வறுத்து, அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை கிளறி, பிறகுதான் சாறு ஊற்ற வேண்டும். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

உருகிய மஞ்சள் சீஸ், மொறுமொறு ஓட்டு டாக்கோ (டார்டியாவை மடித்து உள்ளே கறி வைத்தது), தூக்கலான சீரகம், பெரிய கிண்ணத்தில் சில்லி கான் கார்னே என்ற மிளகாய் இறைச்சிக் குழம்பு. நம் ஊர் உணவகங்களில் மெக்சிகன் என்று வருவது பெரும்பாலும் இதுதான். இது டெக்சாஸ் பக்கம் வளர்ந்த டெக்ஸ்-மெக்ஸ். அதை மட்டம் தட்ட வேண்டியதில்லை, அங்கே வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளியினர் உருவாக்கிய சமையல் அது, அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மெக்சிகோ உணவு இவ்வளவுதான் என்று முடிவுகட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

மெக்சிகோ பெரிய நாடு, 31 மாநிலங்களும் தலைநகரும் சேர்ந்தது, சாப்பாடு ஊருக்கு ஊர் மாறும். வடக்கே சொனோராவில் மாட்டிறைச்சியும் கோதுமை டார்டியாவும். அதனால் கோதுமை டார்டியா போலி என்று சொல்வதும் தவறுதான். தென்கிழக்கே யுகதானில் மாயா மக்களின் வழக்கப்படி, அச்சியோத்தே விதையும் புளிப்பு ஆரஞ்சும் தடவிய பன்றி இறைச்சியை வாழை இலையில் பொதிந்து மண்ணுக்குள் குழி அடுப்பில் வேகவிடுவார்கள், அதுதான் கொச்சினீதா பிபில். வேராக்ரூஸ் கடற்கரையில் மீனோடு ஆலிவ் சேரும், ஸ்பெயினின் கைவண்ணம் அது. டாக்கோஸ் அல் பஸ்தோருக்குக் காரணம் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அவர்கள் கொண்டுவந்த ஷவர்மா கம்பியில் ஆட்டுக்குப் பதில் பன்றி ஏறியது. அந்தக் கம்பியின் பெயர் த்ரோம்போ, பம்பரம் என்று பொருள். 2010ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது, அதற்கு மிச்சோஅகான் மாநிலத்தைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்கள்.

பயணம் போகிறவர்களுக்கு நேரமும் முக்கியம். பெரிய சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். பார்பகோவா ஆட்டிறைச்சியைத் தேடி ஞாயிறு ராத்திரி அலைந்தால் கிடைப்பது கஷ்டம், அது வார இறுதிக் காலைச் சாப்பாடு. அல் பஸ்தோர் ராத்திரிக்கு.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சோறும் பீன்ஸும் பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், ஆனால் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலின் மாவில் அதே பன்றிக் கொழுப்பைச் சேர்த்து அடிப்பதும் வழக்கம். 'சின் கார்னே' என்று இறைச்சி வேண்டாமெனச் சொன்னால் மட்டும் போதாது, 'சின் மன்தேகா' என்று கொழுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நோபால் என்ற சப்பாத்திக்கள்ளிப் பொரியல், டார்டியாவை மடித்து உள்ளே பூசணிப்பூ வைத்த கேசதீயா, சோளக்கதிரில் வளரும் ஹுயித்லகோச்சே காளான் எல்லாம் இருக்கின்றன. தலைநகரில் கேசதீயா கேட்கும்போது சீஸ் வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அங்கே பல கடைகளில் சீஸ் இல்லாமலேயே கேசதீயா வரும்.