கேத்தல் மெதுவாகக் கொதித்ததற்குக் காரணம் வயர்

வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸில் கேத்தல் கொதிக்க நேரமெடுத்தது. புதிது வாங்கலாம் என்றார் அம்மா. அதற்கு முன் செருகுமீட்டர் ஒன்றை, அதாவது சொக்கட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே செருகி வோல்ற்றளவும் ஓட்டமும் பார்க்கும் கருவியை, போட்டுப் பார்த்தேன்.

எக்ஸ்டென்ஷன் வயரின் முனையில் 214 வோல்ற்று, 8.5 அம்பியர். வோல்ற்றளவை ஓட்டத்தால் பிரித்தால் தடை: ஏறக்குறைய 25.2 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு: 1819 வாற்று. கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 2100 வாற்று என்றிருந்தது. 230ஐ வர்க்கமாக்கி 2100ஆல் பிரித்தால் அதே 25.2 ஓம். கேத்தலுக்குள் சூடாகும் கொயிலில் பிழையில்லை, சரி.

சுவர் சொக்கட்டில் நேராகச் செருகினால் 229 வோல்ற்று. அப்போ 15 வோல்ற்று வயரில்தான் போகிறது. 15ஐ 8.5ஆல் பெருக்கினால் 127 வாற்றுக்கு மேல். அவ்வளவும் வெறும் சூடு! எக்ஸ்டென்ஷன் வயரின் பிளக்கைக் கழற்றிய கையோடு தொட்டால் கொதித்தது. உள்ளே நியூட்ரல் திருகு தளர்ந்து, பக்கத்துப் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. வயரும் மெல்லியது.

காலி வீதி ஹாட்வெயாரில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் நல்ல 13 அம்பியர் பிளக்கும் வாங்கி மாற்றினேன். இப்போது முனையில் 226 வோல்ற்று. மோட்டார் உள்ள சாமான்களுக்கு வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மட்டும் போதாது, வலுக்காரணியாலும் (அந்தப் பெருக்கத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வலு என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும்.