சும்மா நிற்கிற காருக்கு பேட்டரி மெயின்டெய்னர் போடுவது எப்படி

போன மார்கழியில் ஒரு நாள் விடியக்காலை சித்தியை ஜங்ஷனில் ரயிலேற்றக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் டக், டக், டக், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. டேஷ்போர்டு விளக்கு ஒவ்வொரு டக்குக்கும் மங்கி மங்கி எழுந்தது. கடைசியில் ஆட்டோவில்தான் போனோம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் அந்த கார் சித்தப்பாவுடையது, அவர்கள் இருப்பதோ பெங்களூரில். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறுமவிட்டு ஆஃப் பண்ணுவது என் பொறுப்பு, அதை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தப்பே அங்கேதான். ஐந்து நிமிட ஐடிலிங், செல்ஃப் இழுத்த கரண்டைத் திருப்பிக் கொடுக்கும், அதற்கு மேல் கொஞ்சம் கொடுக்கும். ஒரு வாரமாகக் கசிந்து போனதைக் கொடுக்காது. சாவியை எடுத்த பிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 0.6 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவை இதில்தான் சொல்வார்கள்), ஒரு மாதத்துக்கு 18. சின்ன காரில் இருப்பது 35 ஏ.எச். பேட்டரி, அதில் பாதி போச்சு. இப்படிப் பாதி காலியாகக் கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. பேட்டரி கடை அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தம்பி, இது ஓடித் தேஞ்சதில்ல, கெடந்து செத்தது."

வாரம் ஒருமுறை அம்பாசமுத்திரம் வரை ஒரு நடை போய்வர முடிந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம். முடியாதவர்களுக்குத்தான் மெயின்டெய்னர், அதாவது வீட்டுக் கரண்டில் மாட்டி பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சின்ன சார்ஜர்.

நான் வாங்கியதன் டப்பா மேல் பனிக்குள் புதைந்த ஒரு கார் படம் போட்டிருந்தது. நம்ம ஊரில் மார்கழியிலேயே ஃபேன் ஓடுகிறது, இதற்கு எதற்கு இது என்று அம்மா கேட்டார்கள். பனி நாட்டுக்காரனுக்கு வேறு கஷ்டம். பேட்டரி மேல் சி.சி.ஏ. என்று ஒரு எண் இருக்கும், குளிரில் செல்ஃப் அடிக்க எத்தனை ஆம்பியர் தரும் என்ற கணக்கு, அது மைனஸ் 18 டிகிரியில் அளந்தது. அந்தக் குளிரில் பேட்டரிக்கு வலு குறையும், எஞ்சின் ஆயிலும் இறுகிப்போய் சுற்றவிடாது. காலியான பேட்டரி என்றால் உள்ளே அமிலம் தண்ணீர் மாதிரி நீர்த்துப்போய் உறைந்தே விடும், உறைந்ததைச் சார்ஜில் போட்டால் வெடிக்கவும் செய்யலாம். லே பக்கம் பட்டாளத்தில் இருக்கிற அத்தான்மாருக்கு இது தேவைப்படும், மாஞ்சோலைக் குளிருக்கெல்லாம் அந்தக் கவலை கிடையாது. நமக்கு எதிரி வெயில். சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும், தகடும் சீக்கிரம் அரிக்கும். சித்திரை, வைகாசியில் அடி வாங்கிய பேட்டரிதான் மார்கழி காலையில் காலை வாரும், பழி மட்டும் குளிருக்குப் போகும்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது. பழைய காலத்து டிரிக்கிள் சார்ஜர் வேண்டாம், அது பேட்டரி நிறைந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வற்றிவிடும். மெயின்டெய்னர் என்பது 14.4 வோல்ட் பக்கம் வரை ஏற்றிவிட்டு, நிறைந்ததும் தானாக 13.5 சுமாருக்கு இறங்கி அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கும். காருக்கு 1 ஆம்பியர் அல்லது 2 போதும். புல்லட் மாதிரி பைக்கென்றால் ஒரு ஆம்பியருக்குக் கீழே, பொதுவாக ஏ.எச்.சில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். வெப்பத்துக்குத் தக்கபடி வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் மாடல் கிடைத்தால் நூறு இருநூறு கூட என்றாலும் அதையே வாங்குங்கள், 40 டிகிரி ஷெட்டில் குளிர்நாட்டு வோல்டேஜ் அதிகம். ஏ.ஜி.எம். பேட்டரிக்கு (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய வகை) அதற்கான மோட் இருக்க வேண்டும், லித்தியம் என்றால் லித்தியத்துக்கென்று உள்ளதுதான் போட வேண்டும்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், வண்டி ஓடி நின்று நாலைந்து மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஓடி நின்ற கையோடு பார்த்தால் பொய்யான நம்பர் காட்டும். 12.6, 12.7 வோல்ட் என்றால் முழுசு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். 10, 11 என்று கிடந்தால் சில மெயின்டெய்னர்கள் பேட்டரி மாட்டியிருப்பதையே கண்டுகொள்ளாது, அதை முதலில் கடையில் சார்ஜ் போட்டு வாங்கி வரவேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மாட்டி, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கக் கூடாது. மூடி உள்ள பேட்டரியில் தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு இப்போது ஊற்றுங்கள், மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தாமிரபரணித் தண்ணீர் நமக்குத்தான் அமிர்தம், பேட்டரிக்கு அதிலுள்ள உப்பு விஷம்.

மாட்டும் வரிசை முக்கியம். சுவரில் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். சிவப்பு கிளிப் பிளஸில். கறுப்பை பேட்டரி மைனஸில் கடிக்கவிடாமல், தள்ளி எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டுங்கள், ஏனென்றால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பேட்டரி பக்கத்தில் ஒரு பொறி தெறித்தால் போதும். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் புதுக் கார்களில் மைனஸ் டெர்மினலிலேயே சென்சார் இருக்கும், அவற்றுக்கும் இப்படி மாட்டுவதுதான் சரி. அப்புறம் சுவிட்ச் ஆன். கழற்றும்போது தலைகீழ்: சுவிட்ச், கறுப்பு, சிவப்பு. ஷெட் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

பாதி காலியான 35 ஏ.எச். பேட்டரிக்கு 1 ஆம்பியரில் ஏறுவதற்கு ஒரு நாள் பக்கம் பிடிக்கும், பச்சை விளக்கு வரவில்லையே என்று ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம் (நான் பார்த்தேன்).

ஐப்பசி பிறந்துவிட்டால் கரண்ட் போகும், வரும். சில மாடல்கள் கரண்ட் திரும்பி வந்ததும் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி வேலை செய்யும், வாங்கிய அன்றே சுவிட்சைப் போட்டு அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சுவரில் ஆணி அடித்து நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வயரை பானெட்டின் ரப்பர் ஓரத்தில் நசுங்காமல் விடுங்கள். எலித் தொல்லை வேறு, பானெட் லேசாகத் திறந்து கிடந்தால் உள்ளே குடித்தனமே வந்துவிடும், வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, முழுசாக ஏறிய பிறகு கிளிப்பைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டுக் காலையில் அளங்கள். 12.4-க்குக் கீழே வந்திருந்தால் மெயின்டெய்னர் அதைக் காப்பாற்றாது, கடையில் லோட் டெஸ்ட் (பெரிய கரண்ட் இழுத்து வோல்டேஜ் தாங்குகிறதா என்று பார்ப்பது) போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளிப் மாட்டியிருப்பதை மறந்து ஒரு தடவை காரை ரிவர்ஸ் எடுத்து, பெட்டி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து மெயின்டெய்னர் மாட்டினால் ஸ்டியரிங்கில் ஒரு துணிக் கிளிப்பும் மாட்டிவிடுகிறேன். சித்தி இந்த மார்கழிக்கு வரும்போது அது எதற்கென்று கேட்பார்கள்.